வாசகர் கேள்வி–பதில்: கறிக்கடைக்காரர் மகளின் குதிரை

சென்ற இதழில் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கத் தக்க பழைய படங்களைப் பற்றி எழுதியபோது, 1944ஆம் ஆண்டு வெளிவந்த ‘நேஷனல் வெல்வெட்’ என்ற ஹாலிவுட் படத்தின் பெயரை ஒற்றை வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டேன். மற்றப் படங்களைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் வந்தன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்தப் படத்துக்கே கொடுத்துவிடுகிறேன். கதையின் முடிவையும் பேசியாக வேண்டியிருப்பதால், படத்தைப் பார்க்கும் எண்ணம் உள்ளவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கேள்வி: படத்தின் கதை என்ன? விடுமுறைக்கு வந்திருக்கும் ஒன்பது வயதுப் பேத்தியோடு பார்க்கலாமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். 1920களில், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சசெக்ஸ் பகுதிக் கிராமம் ஒன்றில் நடக்கும் கதை இது. கறிக்கடைக்காரர் ஒருவரின் மகளான வெல்வெட் பிரௌனுக்குக் குதிரையைத் தவிர வேறு நினைவே கிடையாது. இரவில் படுக்கையில் கூடக் கால் விரல்களில் கயிற்றைக் கட்டி, அதைக் கடிவாளமாகப் பாவித்துச் சவாரி செய்வாள். ஊரில் ஒருவர், யாருக்கும் அடங்காத தம் குதிரையைக் குலுக்கல் சீட்டுப் போட்டுத் தள்ளிவிடப் பார்க்கிறார். அது வெல்வெட்டுக்கு விழுகிறது. தந்தையோ, வந்ததுதான் வந்தது, கறி வண்டியையாவது இழுக்கட்டும் என்று பூட்டிப் பார்க்கிறார். வண்டியின் கதி என்னவாயிற்று என்பதைப் பேத்தி பார்த்துச் சிரிக்கட்டும். அந்த வீட்டில் வேலைக்கு வந்து சேர்ந்த மை டெய்லர் என்னும் நாடோடி இளைஞன் குதிரைகளின் தன்மை அறிந்தவன். உயரமான வேலியை அநாயாசமாகத் தாண்டும் இந்தக் குதிரையை இங்கிலாந்தின் மிகக் கடினமான தடை தாண்டும் பந்தயமான கிராண்ட் நேஷனலில் ஓட்டுவது என்று வெல்வெட் முடிவு செய்கிறாள். அமர்த்திய ஜாக்கிக்குக் குதிரையின் மேல் நம்பிக்கை இல்லை என்று தெரிந்ததும், முடியை வெட்டிக்கொண்டு, ஆண் வேடத்தில் தானே ஏறி ஓட்டி முதலாவதாக வருகிறாள். ஆனால் பரிசு கிடைப்பதில்லை.

பேத்தி சற்றுக் கலங்கக்கூடிய இடங்கள் இரண்டு. குதிரைக்கு வயிற்று நோவு கண்டு இரவெல்லாம் உயிருக்குப் போராடும் காட்சி ஒன்று; பந்தயத்தில் குதிரைகள் தடைகளில் இடறி விழுவது மற்றொன்று. இரண்டிலும் பக்கத்தில் இருங்கள். கழுத்தில் புட்டியைக் கட்டிக்கொண்டு பூச்சி பிடித்து அடைக்கும் குட்டித் தம்பி அடுத்த காட்சியில் வந்து எல்லாவற்றையும் மறக்கடித்துவிடுவான்.

கேள்வி: முதலாவதாக வந்த குதிரைக்கு, ஓட்டியவர் களைத்து விழுந்தார் என்பதற்காகப் பரிசை மறுப்பது அநியாயம் அல்லவா? பெண் என்பதால்தான் மறுத்தார்களா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: படத்தைப் பாதிக் கண்ணோடு பார்த்தவர்கள் பலரும், பெண் என்று தெரிந்ததால் பரிசு போயிற்று என்றே நினைக்கிறார்கள். பெண் என்பது தெரிந்து பெரும் பரபரப்பு எழுவது உண்மைதான். ஆனால் படத்தில் சொல்லப்படும் காரணம் வேறு. எல்லைக் கோட்டைக் கடந்த பிறகு, குறிப்பிட்ட அடைப்புக்குள் போய்ச் சேரும் முன்பே வெல்வெட் குதிரையிலிருந்து சரிந்து விழுந்துவிடுகிறாள். அது விதிக்குப் புறம்பு.

கேட்கும்போது கல்நெஞ்சம் படைத்தவர்களின் விதியாகத் தோன்றும். அதன் காரணம் தெரிந்தால் அவ்வளவு கோபம் வராது. இத்தகைய பந்தயத்தில் ஒவ்வொரு குதிரையும் எவ்வளவு எடையைச் சுமக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது. திறமை மிகுந்த குதிரைக்குக் கூடுதல் எடை, குறைந்ததற்குக் குறைந்த எடை. ஜாக்கி தம் சேணத்தோடு தராசில் ஏறி எடை காட்டிவிட்டுத்தான் பந்தயத்துக்குப் போகிறார். எடை போதாவிட்டால் சேணத்துக்கு அடியில் ஈயத் தகடுகளைச் செருகிக்கொள்வார். ஓடி முடித்த பிறகு மீண்டும் எடை பார்க்கப்படும். வழியில் யாராவது ஈயத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, முடிந்ததும் இறங்கி, ஆள் கூட்டத்துக்குள் நுழைந்து மறுபடி செருகிக்கொண்டு வந்து நின்றால் என்ன செய்வது? அதனால்தான் அடைப்புக்குள் வரும்வரை இறங்கக் கூடாது என்று வைத்தார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமியின் சேணத்துக்கு அடியில் எத்தனை ஈயத் தகடுகள் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவள் மயங்கி விழுந்ததில் வியப்பில்லை, அதுவரை விழாமல் இருந்ததில்தான் வியப்பு.

பின்னர் நடக்கும் விசாரணையில், வெல்வெட்டும் மையும் யாரையும் ஏமாற்றிப் பணம் பார்க்க எண்ணவில்லை என்று அதிகாரிகள் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனாலும் தகுதி நீக்கம் நீங்குவதில்லை. குடும்பப் படம் என்றால் கடைசியில் கோப்பையைக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்ற வழக்கத்துக்குப் பணியாத இந்த முடிவுதான் என் கண்ணில் படத்தை உயர்த்துகிறது.

கேள்வி: குதிரையை ‘பை’ என்று அழைக்கிறார்கள். பெயர்க் காரணம் என்ன? அந்தக் குதிரை வெல்வெட்டாக நடித்த எலிசபெத் டெய்லருக்கே பரிசாகக் கிடைத்தது என்பது உண்மையா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: மூலக் கதை, எனிட் பேக்னோல்ட் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் 1935இல் வெளியிட்ட நாவல். அதில் வரும் குதிரை வெள்ளையும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக நிறம் படர்ந்தது. அத்தகைய குதிரையைக் குறிக்கும் ‘பைபால்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் அசையே அதன் பெயராயிற்று. படத்தில் நடித்ததோ செம்பழுப்புக் குதிரை. பெயரை விட மனமில்லாத படக்காரர்கள், ‘பைரேட்’, அதாவது கடற்கொள்ளைக்காரன் என்ற பெயரின் சுருக்கம் அது என்று ஒட்டுப் போட்டுச் சமாளித்தார்கள்.

பரிசு விஷயம் உண்மை. ‘கிங் சார்லஸ்’ என்ற அந்தக் குதிரையை, படத்தைத் தயாரித்த மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் எலிசபெத் டெய்லரின் பதின்மூன்றாவது பிறந்த நாளில், 1945ஆம் ஆண்டு பிப்ரவரியில், அவருக்கே கொடுத்தது. குலுக்கலில் குதிரை விழுந்த சிறுமியாக நடித்தவருக்குக் குலுக்கல் இல்லாமலே குதிரை கிடைத்தது.

கேள்வி: படம் முழுக்க எலிசபெத் டெய்லர்தான். ஆனால் ஆஸ்கார் விருது தாயாக நடித்தவருக்குப் போயிருக்கிறது. அந்த அம்மாள் படத்தில் பெரிதாக அழுததாகவோ சிரித்ததாகவோ எனக்கு நினைவில்லையே!
— ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: நீங்கள் குறையாகச் சொன்னதையே நான் நிறையாகச் சொல்வேன். இது ஒரு சிறுமியும் குதிரையும் பற்றிய படம் என்று விளம்பரங்கள் சொல்லும். எனக்கு இது அந்தத் தாயின் படம். மகளின் கதையை அவர் மடியில் வைத்துக்கொண்டு சொல்கிறார் என்றே ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

அராமிண்டி பிரௌன் என்ற அந்தத் தாய், கணவரின் கடைக் கணக்கை எழுதிக்கொண்டும், நான்கு பிள்ளைகளின் வழக்குகளைத் தீர்த்துக்கொண்டும், குரலை உயர்த்தாமல் வீட்டை நடத்துபவர். இளமையில் அவர் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தவர் என்பது நமக்குச் சற்றுத் தாமதமாகத்தான் தெரிய வருகிறது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே மிகக் குறுகிய இடத்திலேயே 33 கிலோமீட்டர் அகலம் கொண்ட, குளிரும் நீரோட்டமும் மிகுந்த கடல் அது. (1994இல் பன்னிரண்டு வயதில் அதை நீந்திய சென்னைச் சிறுவன் குற்றாலீசுவரனை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.) உண்மை உலகில் அந்தக் கடலை முதன்முதலில் கடந்த பெண் அமெரிக்கரான கெர்ட்ரூட் எடர்லி, ஆண்டு 1926. படத்தின் தாயோ, வளர்ந்த பெண்களைப் பெற்றெடுப்பதற்கு முன்பே, அதாவது எடர்லிக்கு வெகு காலம் முன்பே நீந்திவிட்டார். கதாசிரியையின் கற்பனை வரலாற்றை முந்திக்கொண்ட இடம் அது.

பந்தயத்தில் பெயர் கொடுக்கப் பணம் வேண்டும் என்று மகள் வந்து நிற்கும்போது, தாய் அவளைப் பரணுக்கு அழைத்துச் சென்று ஒரு பழைய பெட்டியைத் திறக்கிறார். நீந்தியபோது பத்திரிகைகளில் வந்த செய்திகளும், பரிசாகக் கிடைத்து இத்தனை ஆண்டுகளாகச் செலவழிக்கப்படாமல் இருந்த நூறு பொற்காசுகளும் அதில் இருக்கின்றன. மனிதராய்ப் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு முறையாவது மூச்சடைக்கும்படியான பைத்தியக்காரச் செயலில் இறங்கிப் பார்க்க வாய்ப்பு வேண்டும் என்ற கருத்துப்பட அவர் பேசுகிறார். எல்லாவற்றுக்கும் ஒரு காலம் உண்டு, இதன் காலம் முடிந்ததும் அடுத்ததற்குப் போக வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். கணக்கு எழுதும் அதே குரலில் இதைச் சொல்வதுதான் நடிப்பின் நுட்பம். கண்ணீர் விட்டிருந்தால் அது தியாகமாகத் தெரிந்திருக்கும். சிரித்திருந்தால் செல்லம் கொடுப்பதாகத் தெரிந்திருக்கும். இரண்டும் இல்லாமல், தம் முறை முடிந்தது, இனி மகளின் முறை என்று சாவியை மாற்றிக் கொடுப்பது போலக் கொடுக்கிறார். நம் வீடுகளில் பாட்டியின் தங்கம் பெண்ணின் திருமணத்துக்காகப் பெட்டியில் காத்திருப்பதுண்டு; இங்கே அது ஒரு பந்தயத்துக்காகக் காத்திருக்கிறது.

நடித்தவர் ஆன் ரெவியர். 1946 மார்ச் மாதம் நடந்த விழாவில் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்காரை அவர் பெற்றார். படத்தொகுப்புக்காக ராபர்ட் கெர்ன் பெற்றது படத்தின் இரண்டாவது விருது. அதன் பிறகு நடந்தது கசப்பானது. கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடிக்கும் வேட்டை அமெரிக்காவில் உச்சத்தில் இருந்தபோது, 1951இல், நாடாளுமன்றக் குழுவின் முன் பதில் சொல்ல அவர் மறுத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஹாலிவுட் அவருக்குக் கதவைச் சாத்தியது. நாடக மேடைக்குத் திரும்பி, 1960இல் அங்கேயும் உயரிய விருதான டோனியை வென்றார். திரையில் அவர் காட்டிய அந்த அசையாமை வெறும் நடிப்பாக மட்டும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கேள்வி: கதையில்தான் பெண் வெல்கிறாள். நிஜத்தில் யாராவது பெண் கிராண்ட் நேஷனலில் வென்றிருக்கிறாரா?
— கல்லூரி மாணவி ஒருவர், திருச்சிராப்பள்ளி

பதில்: வென்றிருக்கிறார், ஆனால் படம் வந்து 77 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

லிவர்பூலுக்கு அருகில் ஏன்ட்ரீ மைதானத்தில் 1839 முதல் நடந்துவரும் பந்தயம் அது. சமதளத்தில் ஓடும் ரேஸை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு அதன் கொடுமை சட்டென்று புரியாது. இந்தக் கதை நடக்கும் காலத்தில் அது 7 கிலோமீட்டருக்கும் அதிகத் தூரம். வழியில் 30 தாண்டல்கள். ‘பீச்சர்ஸ் புரூக்’ என்ற தடைக்கு அப்பெயர் வந்ததே, 1839இல் கேப்டன் பீச்சர் என்பவர் அங்கிருந்த ஓடையில் விழுந்ததால்தான். புறப்படும் குதிரைகளில் பெரும்பகுதி முடிவைத் தொடாத ஆண்டுகள் பல உண்டு. விபத்துகளைக் குறைப்பதற்காகத் தடைகளைப் பலமுறை மாற்றியமைத்ததோடு, 2024 முதல் 40 குதிரைகளுக்குப் பதில் 34 மட்டுமே ஓட அனுமதிக்கிறார்கள்.

பெண்கள் அதில் சவாரி செய்ய, பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1975ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் வர வேண்டியிருந்தது. 1977இல் சார்லட் புரூ என்ற இளம்பெண் தம் குதிரையான ‘பேரனி ஃபோர்ட்’ மீதேறி ஓடினார். முடிவுக்கு நான்கு தடைகள் இருக்கையில் குதிரை தாண்ட மறுத்துவிட்டது. முழுத் தூரத்தையும் முதன்முதலில் முடித்த பெண் ஜெரல்டின் ரீஸ். 1982இல், எட்டாவது இடம், முடித்தவர்களில் கடைசி. மறு ஆண்டே ஜென்னி பிட்மன் பயிற்சியளித்த ‘கோர்பியர்’ வென்றதால், வெற்றிக் குதிரையைத் தயார் செய்த முதல் பெண்மணி என்ற பெயர் அவருக்கு வந்தது. 2012இல் கேட்டி வால்ஷ் மூன்றாவதாக வந்தார். இறுதியில் 2021 ஏப்ரல் 10 அன்று, ‘மினெல்லா டைம்ஸ்’ என்ற குதிரையில், அயர்லாந்தின் ரேச்சல் பிளாக்மோர் வென்றார். கொரோனா காலமாதலால் பார்வையாளர் அரங்குகள் காலியாகக் கிடந்தன. வெல்வெட் வென்றபோது ஆர்ப்பரித்த கூட்டம் முழுவதும், உண்மையான வெல்வெட் வென்ற நாளில் வீட்டில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது.

கேள்வி: ஆங்கிலக் கிராமம் அவ்வளவு அழகாக இருக்கிறதே, இங்கிலாந்தில் எங்கே எடுத்தார்கள்?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: கலிபோர்னியாவில்! 1944இல் இங்கிலாந்தின் தென்கரையில் நார்மண்டிப் படையெடுப்புக்காகப் படைகள் திரண்டிருந்தன. படமெடுக்கப் போகும் நேரமா அது? கிராண்ட் நேஷனலே 1941 முதல் 1945 வரை நடக்கவில்லை. ஆகவே அமெரிக்கக் கடற்கரையைச் சசெக்ஸ் ஆக்கி, குதிரைப் பந்தயத்தையும் அங்கேயே நடத்தினார்கள். கூர்ந்து பார்த்தால் சில பின்னணிகள் தீட்டிய ஓவியம் என்பது தெரியும். டெக்னிகலர் வண்ணத்தில் வானம் கொஞ்சம் அதிகமாகவே நீலம். எனக்கு அது குறையாகப் படவில்லை. குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்டைக் குண்டு விழாத காலத்து நாடாக, தொலைவிலிருந்து நினைத்துப் பார்த்து வரைந்த படம் அது. நாயகியே லண்டனில் பிறந்து, போர் மூண்ட 1939இல் தாயுடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த குழந்தைதான்.

கேள்வி: மூல நாவலையும் என் மகனுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஆங்கிலம் நன்றாக வரும் என்றால், பதின்மூன்று பதினான்கு வயதுக்குப் பிறகு கொடுங்கள். நாவலின் வெல்வெட், எலிசபெத் டெய்லரைப் போலப் பேரழகி அல்லள். ஒல்லியாய், பல் தூக்கி, பல்லுக்குக் கம்பி போட்டு, பதற்றம் வந்தால் வாந்தி எடுக்கும் பதினான்கு வயதுப் பெண். காகிதத்தில் வெட்டிய குதிரைப் படங்களை வைத்து விளையாடுவாள். கிழவர் ஒருவர் தம் குதிரைகளை அவளுக்கு எழுதிவைத்துவிட்டுத் தற்கொலை செய்துகொள்ளும் நிகழ்ச்சியும் அதில் உண்டு. படத்தில் அதை விட்டுவிட்டார்கள். நாவலின் ஓவியங்களை வரைந்தவர் ஆசிரியையின் மகள், அதுவும் சிறுமியாக இருந்தபோதே. அந்தக் கோட்டோவியங்களுக்காகவே நான் அந்தப் புத்தகத்தை வைத்திருக்கிறேன்.

கேள்வி: 1978இல் இதன் இரண்டாம் பாகம் வந்ததாமே?
— ஒரு வாசகர், வேலூர்

பதில்: வந்தது. அதில் எலிசபெத் டெய்லர் இல்லை. பார்க்காவிட்டாலும் இழப்பில்லை.

கேள்வி: மை டெய்லர் எதற்காக யாரிடமும் சொல்லாமல் ஊரை விட்டுக் கிளம்புகிறான்? அந்த முடிவு எனக்கு விளங்கவில்லை.
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: மையாக நடித்த மிக்கி ரூனி அப்போது எலிசபெத் டெய்லரைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரம், ஆனாலும் துடுக்குத்தனத்தை அடக்கி, உள்ளே புண்பட்ட ஒருவனாக நடித்திருக்கிறார். மை முன்பு ஜாக்கியாக இருந்தவன். அவன் சிக்கிய ஒரு பந்தய விபத்தில் மற்றொரு ஜாக்கி இறந்துபோக, அன்று முதல் குதிரையைக் கண்டால் அவனுக்கு நடுக்கம். அதை மறைத்துக்கொள்ள, உலகமே திருடர்கள்தான் என்பது போலப் பேசித் திரிகிறான். பந்தயத்தில் பெயர் பதிவு செய்ய லண்டனுக்குப் பொற்காசுகளோடு அவனை அனுப்பும்போது, இனி அவன் திரும்ப மாட்டான் என்றே வெல்வெட்டின் தந்தை நினைக்கிறார். அவன் திரும்புகிறான். அந்த இடத்திலேயே அவன் கதை பாதி முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதி தாயின் கையில் இருக்கிறது. இறந்துபோன தன் தந்தையின் குறிப்பேட்டில் திருமதி பிரௌனின் பெயரைக் கண்டுதான் மை அந்த வீட்டைத் தேடி வந்தான். பெயர் எப்படி அதில் வந்தது என்பது அவனுக்குத் தெரியாது. அவனுடைய தந்தைதான் அந்த அம்மாளுக்கு நீச்சல் பயிற்சி அளித்துக் கால்வாயைக் கடக்க வைத்தவர். வெல்வெட்டுக்கு இது தெரிந்தும், இப்போது சொல்லாதே, அதற்கென்று ஒரு நேரம் வரும் என்று தாய் தடுத்து வைத்திருக்கிறார். முதல் நாளே சொல்லியிருந்தால், அது ஓர் அநாதை இளைஞனுக்கு அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட ஒரு சாக்காக ஆகியிருக்கும் என்று அவர் எண்ணினார் போலும்.

பந்தயம் முடிந்து புகழ் வந்து, குதிரையையும் சிறுமியையும் வைத்துப் படமெடுக்க ஹாலிவுட்டிலிருந்து அழைப்பும் வருகிறது. தந்தையின் கண்ணில் பணம் மின்னுகிறது. அந்த வாழ்க்கை குதிரைக்குப் பிடிக்காது என்று வெல்வெட் மறுத்துவிடுகிறாள், தாயும் அவள் பக்கம் நிற்கிறார். ஹாலிவுட்டைத் தட்டிக்கழிப்பதை ஹாலிவுட்டே படமாக்கியிருக்கிறது என்பதை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். அச்சம் தெளிந்து, தன் காலில் நிற்கத் துணிந்துவிட்ட மை, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிறான். அவன் போய்விட்டான் என்று தெரிந்து துடிக்கும் வெல்வெட், இப்போதாவது சொல்லலாமா என்று தாயிடம் கேட்கிறாள். தாய் சம்மதிக்கிறார். அவ்வளவுதான், பெண் ‘பை’யின் மேல் ஏறி, அவன் நடந்துபோகும் சாலையில் விரட்டிச் சென்று எட்டிப் பிடிக்கிறாள். படம் அங்கே முடிகிறது.